மரம் பழகும் வரை

பேரிலேயே கல்லை வைத்திருக்கிற ஊர் எங்களுடையது. அந்த ஊரில் ஒரு மனிதர் வந்து, வீட்டுக்கு மரத்தில் தரை போட்டுத் தருகிறேன் என்று கிளம்பினால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? "திண்டுக்கல்லுல கல்லுக்கா பஞ்சம் வந்துருச்சு?" என்று கேட்டவர்களில் முதல் ஆள் என் மாமா, அம்மாவின் தம்பி. கேட்ட வாய் மூடுவதற்குள் அவரே அத்தாவிடம் வேலைக்கும் சேர்ந்துகொண்டார் என்பது வேறு விஷயம்.

அத்தா என்றால் எங்கள் வீடுகளில் அப்பா. எனக்கு அந்தச் சொல் தெரியும், ஆளைத்தான் தெரியாது. நான் பிறந்தபோது அவர் வளைகுடாவில் யாரோ ஒரு ஷேக்கின் மாளிகைக்கு மரத்தரை போட்டுக்கொண்டிருந்தார். லீவில் வருவார். பெட்டியைத் திறந்தால் வீடு முழுக்க செண்ட் வாசனை அடிக்கும். அந்த வாசனை அடங்கி, நான் அம்மாவின் முந்தானையை விட்டு மெல்ல எட்டிப் பார்க்கத் தொடங்கும் நேரத்தில் அவர் மறுபடியும் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார். போனில் பேசும்போது "அத்தா, எப்ப வருவீங்க?" என்று கூசாமல் கேட்பேன். நேரில் வந்து நின்றால் அந்தச் சொல் தொண்டையிலேயே உட்கார்ந்துகொள்ளும்.

நான் இரண்டாம் வகுப்பு முடித்த கோடையில் அவர் மொத்தமாகத் திரும்பி வந்துவிட்டார். இனிமேல் இங்கேயே தொழில் செய்யப் போவதாகச் சொன்னார். அப்போதும் நான் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. சாப்பிட அழைத்துவர அம்மா அனுப்பினால், போய் அவர் முன்னால் தூண் மாதிரி நிற்பேன். அவராக நிமிர்ந்து பார்த்து, "சாப்பிடவா?" என்று கேட்டால் தலையாட்டுவேன். அம்மாவிடம் வந்து "அவங்க வாராங்க" என்பேன்.

"அவங்க என்னடி அவங்க? அடுத்த வீட்டு ஆளா அது? வாய்ல என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்று அம்மா கத்துவாள். அத்தா தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார்.

அவர் இங்கே நிலைப்பாரா என்பது வீட்டில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. பழைய கம்பெனிக்காரர்கள் விசா தயாராக இருக்கிறது என்று கூப்பிட்டபடி இருந்தார்கள். ஊருக்குள் முதல் வேலையாக ஒரு வீட்டுத் தரை கிடைத்திருந்தது. அது நன்றாக அமைந்தால் நாலு பேர் பார்ப்பார்கள், வேலை வரும், இங்கேயே இருந்துவிடலாம். அமையாவிட்டால் மறுபடியும் விமானம்தான். இதை அம்மாவும் மாமாவும் அடுப்படியில் பேசிக்கொண்டார்கள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட நான் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டேன். இந்த வேலை இருக்கிறவரை அவர் இருப்பார், வேலை முடிந்தால் போய்விடுவார் என்பதே என் கணக்கு.

அந்த முதல் வேலையைக் கொடுத்தவர் ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருந்தவர். பிள்ளைகளின் படிப்புக்காகத் திண்டுக்கல்லில் பழனி சாலைப் பக்கம் வீடு கட்டினார். ஒருமுறை கொடைக்கானலில் ஒரு பங்களாவில் தங்கியிருக்கிறார். விடிகாலையில் கட்டிலிலிருந்து காலை இறக்கினால் தரை சில்லென்று இல்லையாம். "யாரோ உள்ளங்கையில வாங்கிக்கிட்ட மாதிரி இருந்துச்சுங்க பாய்" என்று அத்தாவிடம் சொன்னபோது அந்தப் பெரிய மீசைக்குக் கீழே ஒரு வெட்கம் தெரிந்ததாம். இதை மாமா நடித்துக் காட்டுவார்.

கப்பலில் வந்த மரம், தூத்துக்குடியிலிருந்து லாரியில் வந்து இறங்கியது. மண்டிக்காரர் மறுநாளே வேலை ஆரம்பித்துவிடும் என்று நினைத்திருந்தார். அத்தாவோ பலகைகளைக் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக, காற்றுப் போக இடம் விட்டு அடுக்கிவைத்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, ஓரமாகப் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார்.

"என்னங்க பாய், மரத்தை அடுக்கிப் போட்டுட்டு நீங்களும் படுத்துட்டீங்க?"

"மரம் வீட்டோட பழகணும்ணே. பழகாம அடிச்சா பின்னால தூக்கிக்கும்."

"ஏனுங்க, மரம் என்ன புதுப்பொண்ணுங்களா, வீட்டோட பழகறதுக்கு?"

"புதுப்பொண்ணு கூடச் சட்டுனு பழகிரும்ணே. மரம் பழகாது."

மண்டிக்காரர் சிரித்துவிட்டுப் போனார். புதுமனை புகுவிழாவுக்கு முகூர்த்தம் குறித்தாகிவிட்டது என்பதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுத்தான் போனார்.

பள்ளிக்கூடம் லீவு. மத்தியானச் சோற்றைத் தூக்குச்சட்டியில் போட்டு, மாமாவின் ஸ்கூட்டரில் என்னையும் சேர்த்து ஏற்றி அனுப்புவது அம்மாவின் ஏற்பாடு. மாமா என்னையும் தூக்குச்சட்டியையும் அங்கே இறக்கிவிட்டு, ஆணி வாங்கணும், ரீப்பர் பார்க்கணும் என்று ஏதாவது சொல்லிப் பறந்துவிடுவார். சாயங்காலம்தான் திரும்புவார். அது அம்மாவும் மாமாவும் சேர்ந்து செய்த சதி என்று இப்போது தெரிகிறது. அப்போது, மாமா பொறுப்பில்லாத ஆள் என்றுதான் நினைத்திருந்தேன். அதுவும் பொய்யில்லை.

அந்த மத்தியானங்கள் இன்றும் என் தூக்கத்தில் வருகின்றன. வெளியே வெயில் கொளுத்தும். கூடத்துக்குள் புதுச் சிமெண்டின் குளிர்ச்சியும் மரத்தின் வாசனையும் சேர்ந்து ஒரு மாதிரி மயக்கமாக இருக்கும். ஜன்னலில் இன்னும் கம்பி வைக்கவில்லை. அந்தப் பெரிய சதுரத்துக்குள் மலைக்கோட்டைப் பாறை மட்டும் தெரியும். ஊர் அந்தத் திண்டில் தலைவைத்துப் படுத்திருப்பதாகவும், நாங்கள் இருவரும் சத்தம் போடாமல் அது தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதாகவும் எனக்குத் தோன்றும். நேரம் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. வெயில் ஒரு பலகையிலிருந்து அடுத்த பலகைக்கு நகரும், அவ்வளவுதான்.

அத்தா சாப்பிடும்போது வெஞ்சனத்தில் பாதியை என் பக்கம் தள்ளிவைப்பார். நான் சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லமாட்டேன், எடுத்துத் தின்பேன். பிறகு அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுப்பார். நுனியில் இரண்டு ஊசிகள் இருக்கும். பலகையில் மெதுவாகக் குத்துவார். உச்சியில் சிவப்பு விளக்கு எரியும்.

"இன்னும் பழகல" என்பார், யாரிடமோ சொல்வது போல.

ஊசி போட்டும் அழாத அந்தப் பலகைகள்மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. "உள்ள இன்னும் கடல் இருக்கு" என்று ஒருநாள் அவர் சொன்னார். கப்பலில் வந்தபோது குடித்த ஈரத்தைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார். நான் பலகையில் காதை வைத்துக் கேட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், கேட்டது.

பழகுவதென்றால் பேச வேண்டாமா? எனவே அவர் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கும் நேரங்களில் நான் பலகைகளோடு பேச ஆரம்பித்தேன். ஊர்ப் பேரைச் சொன்னேன். டீச்சர் பேரைச் சொன்னேன். மாமா பீடி குடிப்பதை அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று எச்சரித்தேன். ஒருநாள், மனசில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன்.

"நீங்க பழகாதீங்க. நீங்க பழகிட்டா வேலை முடிஞ்சிரும். வேலை முடிஞ்சா அவங்க ஏரோப்ளேன்ல போயிருவாங்க. போனா போகட்டும், எனக்கென்ன." கொஞ்ச நேரம் யோசித்தேன். "இல்ல, போக வேணாம். அதனால பழகாதீங்க, என்ன?"

பாயில் கிடந்தவரின் துண்டு மூச்சில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு கொஞ்ச நேரம் அது அசையவே இல்லை. அசந்து தூங்குகிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் சாப்பாடு முடிந்து அவர் பலகையைக் குத்தினார். பச்சை விளக்கு எரிந்தது. அடுத்த பலகையைக் குத்தினார். பச்சை. அடியில் கிடந்த ஒன்றை உருவிக் குத்தினார். அதுவும் பச்சை. தேர்த் திருவிழாவுக்குக் கட்டுகிற சீரியல் பல்ப் போல இதுவும் நிறம் மாறுகிறது என்று வேடிக்கை பார்த்தேன். அவர் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இன்னும் பழகல" என்றார்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மரம் என் பேச்சைக் கேட்டுவிட்டது! அன்று சாயங்காலம் கிளம்பும்போது ஒவ்வொரு பலகையையும் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் பச்சை விளக்கும் "இன்னும் பழகல"வும் வழக்கமாகிவிட்டன. அத்தா படுத்துக்கொள்வதை விட்டுவிட்டார். பலகைகள் எப்படி ஓடவேண்டும் என்று சாக்பீஸால் சிமெண்டில் கோடு போட்டுப் பார்ப்பார். கோட்டைக் கண்டால் எந்தப் பெண்பிள்ளை சும்மா இருப்பாள்? நான் ஓட்டுச்சில்லை எறிந்து பாண்டி ஆடினேன். முதலில் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் நொண்டி அடித்தார். இத்தனை பெரிய ஆள் ஒற்றைக் காலில் தாவினால் காலி வீடே அதிரும். தோற்றுப்போவார். என்னிடம் சண்டைக்கும் வருவார், "கோட்டை நான் மிதிக்கல, நீ அழுகுணி ஆட்டம் ஆடுற" என்று.

மண்டிக்காரர் போன் மேல் போன் போட்டார். மாமா தலையில் கைவைத்தார். "மச்சான், முகூர்த்தத்துக்குள்ள முடியாட்டி இந்த ஊர்ல ஒரு பய நம்மளக் கூப்ட மாட்டான். வந்த வேலையும் போயிரும். எதுக்கு இம்புட்டு வீம்பு?"

"மரம் பழகலையே மாப்ள, நான் என்ன செய்ய?" என்றார் அத்தா, என்னைப் பார்க்காமல்.

ஒரு மத்தியானம் பாண்டியில் கண்ணை மூடிக்கொண்டு கட்டம் தாண்டும் முறை அவருக்கு வந்தது. தலையை அண்ணாந்து, கண்ணை இறுக்க மூடி, "ரைட்டா?" என்பார். நான் "ரைட்டு" என்பேன். அடுத்த கட்டம். "ரைட்டா?" "ரைட்டு." மூன்றாம் கட்டத்தில் கால் வைக்கப் போகும்போது வாசலை மறைத்துக்கொண்டு ஓர் உருவம் வந்து நின்றது. மண்டிக்காரர். மீசை துடித்தது.

"ரைட்டா?" என்றார் அத்தா, ஒற்றைக் காலில்.

இந்த ஆள் கத்தப்போகிறார், வேலை போகப்போகிறது, இவர் போகப்போகிறார். யோசிக்க நேரமே இல்லை.

"அத்தா!" என்று அலறினேன்.

அவர் கண்ணைத் திறந்தார். காலைக் கோட்டின்மேலேயே ஊன்றிவிட்டார். வாசலில் நின்றவரை அவர் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். மண்டிக்காரர் அதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"ஏனுங்க பாய், இதுதான் மரம் பழகறதுங்களா? நான் அங்க பத்திரிகை வச்சுட்டு வாரேன், நீங்க இங்க பாண்டி ஆடறீங்க! வெள்ளிக்கிழமைக்குள்ள ஆரம்பிக்கலேன்னு வைங்க, டைல்ஸ் ஆளைக் கூப்ட்டு ஒட்டிப்புட்டுப் போயிட்டே இருப்பேன், ஆமா!"

"நாளைக்கே ஆரம்பிச்சிர்றேண்ணே. மரம் பழகிருச்சு."

மண்டிக்காரருக்கே தூக்கிவாரிப் போட்டது. "நேத்து வரைக்கும் இல்லேன்னீங்க?"

"இப்பத்தாண்ணே பழகுச்சு" என்றார் அத்தா. அவர் அந்த ஊசிக் கருவியைப் பையிலிருந்து எடுக்கக்கூட இல்லை. அவர் குரல் எதனாலோ கம்மிப்போயிருந்தது. மண்டிக்காரர் திட்டியதால் என்று நினைத்துக்கொண்டேன்.

பலகைகள்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நம்பிச் சொன்னேனே, துரோகிகள்! மறுநாள் சுத்தியல் சத்தம் ஆரம்பித்தது. அத்தாவும் மாமாவும் இரண்டு ஆசாரிகளும் சோறு தண்ணி பார்க்காமல் வேலை செய்தார்கள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள்தான் கடைசிப் பாலிஷ் காய்ந்தது. தரை தேன் நிறத்தில் மின்னியது. மண்டிக்காரரின் மனைவி மஞ்சள் தண்ணீர் வாளியோடு "கழுவி விட்டுரலாங்களா?" என்று வர, அத்தா இரண்டு கைகளையும் விரித்து வாசலை மறித்துக்கொண்டு நின்றார். கையால் தொட்டு நாலு சொட்டு மட்டும் தெளிக்கலாம் என்று சமாதானம் ஆயிற்று.

அதோடு முடியவில்லை. புதுவீட்டுக்குள் முதலில் பசுவும் கன்றும் போகவேண்டுமே! மாமா மண்டியிலிருந்து வெங்காயச் சாக்குகளைக் கொண்டுவந்து கூடம் முழுக்க விரித்தார். மேளம் முழங்கியது. மாலை போட்ட பசு படியேறி வந்து, நிலையைத் தாண்டி முன்னங்காலைப் பலகையில் வைத்தது. அடியில் ரீப்பர்ச் சட்டம் அடித்து, உள்ளே வெற்றிடம் விட்ட தரை அல்லவா, 'தொம்' என்றது. பசு மிரண்டு காலை எடுத்துக்கொண்டது. இழுத்தார்கள், தள்ளினார்கள், வெல்லம் காட்டினார்கள். அது அசையவில்லை.

கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. "பசுவே நுழைய மாட்டேங்குதே. சகுனம் சரியில்லையே." "அப்பவே சொன்னேன், ஊரோட ஒத்துக் கல்லு போடுங்கன்னு." எல்லார் கண்ணும் அத்தாவின் மேல். "மச்சான், விசா உறுதி" என்று மாமா காதோரம் சொன்னது எனக்கும் கேட்டது. அத்தாவின் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது கூட்டத்தைக் கையமர்த்தியவர் மண்டிக்காரர்தான். "இழுக்காதீங்க, விடுங்க. கொஞ்சம் பொறுத்தா என்ன கெட்டுப்போச்சு? மாடும் பழகட்டும். பழகாம எதையும் அவசரப்படுத்தக் கூடாதுன்னு பாய் சொல்லுவாருங்க."

மேளம் நின்றது. பசு தரையை மோந்து பார்த்தது. அதன் வயிற்றுக்கடியில் நின்ற கன்றுக்குத்தான் பொறுமை இல்லை. துள்ளி உள்ளே ஓடியது. தொம் தொம் தொம் என்று தன் கால் சத்தத்தைத் தானே கேட்டு, குஷியாகி இன்னும் ஒரு சுற்று ஓடி, கூடத்தின் நடுவில் நின்று "ம்மா" என்றது. அவ்வளவுதான். பசு நிமிர்ந்து பார்த்தது. பிறகு ஒரு தயக்கமும் இல்லாமல் நேராகக் கன்றிடம் நடந்து போய்விட்டது.

குலவைச் சத்தம் அடங்குவதற்குள் பசு வாலைத் தூக்கியது. "லட்சுமி வந்துட்டா!" என்று எல்லோரும் கும்பிட, அத்தாவும் மாமாவும் மட்டும் "யா அல்லா!" என்று துணியை எடுத்துக்கொண்டு பாய்ந்தார்கள். சாக்கைத் தாண்டி ஒரு பலகையில் லேசாகக் கறை இறங்கிவிட்டது. அதை மாற்றித் தருவதாக அத்தா எவ்வளவோ சொல்லியும் மண்டிக்காரரின் மனைவி விடவில்லை. "கெடக்கட்டுங்க பாய். அது எங்க வூட்டு அதிர்ஷ்டம்" என்றார். இன்றைக்கும் அது அங்கே இருக்கிறது.

மண்டிக்காரரின் மச்சினர் வீடு, பிறகு கோயம்புத்தூரில் அவர் சம்பந்தி வீடு என்று ஒன்றைப் பிடித்து ஒன்றாக வேலை வந்தது. அத்தா விமானம் ஏறவில்லை. வேலை முடிந்தும் அவர் போகாததைப் பார்த்து நான் பலகைகளை மன்னித்துவிட்டேன். ஏதோ தங்களால் முடிந்தமட்டும் தாமதப்படுத்திப் பார்த்தன, பாவம், என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

படிப்பை முடித்துவிட்டு நானும் அதே தொழிலுக்கு வந்துவிட்டேன். முதன்முதலாக மாமா என் கையில் அந்த ஊசிக் கருவியைக் கொடுத்தது வத்தலக்குண்டு சாலையில் ஒரு வீட்டில். பலகையைக் குத்தினேன். சிவப்பு எரிந்தது. பச்சை விளக்கைப் பார்த்து அத்தா "இன்னும் பழகல" என்று சொன்ன நாட்களே என் நினைவில் நின்றிருந்தன.

"ரெடி மாமா, அடிக்க ஆரம்பிச்சிரலாம்" என்றேன்.

மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அட கூறுகெட்டவளே! செவப்பு எரிஞ்சா ஈரம்டி. பச்சை எரிஞ்சாத்தான் மரம் பழகிருச்சுன்னு அர்த்தம். பச்சை வந்தா அன்னைக்கே வேலையைத் தொடங்கிரணும்."

"பச்சை வந்தும் தொடங்காம இருந்தா?"

"முகூர்த்தத்தை வச்சுக்கிட்டா? எந்தக் கிறுக்கன் இருப்பான் அப்படி?"

நான் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். பக்கத்து அறையில் அத்தா மண்டியிட்டு, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, சாக்பீஸால் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். தலை நன்றாக நரைத்துவிட்டது.

"அத்தா" என்றேன்.

"என்னம்மா?" என்று நிமிர்ந்தார்.

"ஒண்ணுமில்லத்தா. சும்மா கூப்ட்டேன்."